கற்றுச் செய்யும் தொண்டு

பெங்களூருவின் காக்ஸ் டவுன் பகுதியில் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. அங்கு வளரும் சிறார் வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் மற்றொரு மொழியும் பேசிப் பழகுகின்றனர். அப்பழக்கம் பிறர் துயர் துடைக்கும் பணிக்கும் துணையாகும்.

துன்புறுவோர்க்கு உதவ நல்ல மனம் ஒன்றே போதாதா? சிறுவன் ஒருவன் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டான் என்று கொள்க. இரக்கமுள்ளவர் அவனுக்குப் புத்தகம் வாங்கித் தருவார். ஆனால், தாயின் நோயே அவன் நின்றதற்குக் காரணமாயின், புத்தகத்தால் பயன் என்ன? காரணத்தைப் பொறுமையுடன் கேட்டறிந்து, தாய்க்கு மருத்துவமும் மகனுக்குப் பள்ளியும் கிடைக்க வழிசெய்பவரே சமூகப் பணியாளர். அவ்வாறு கேட்டறிவதும் ஒரு கல்வியே.

இக்கல்விக்காக 1936ஆம் ஆண்டு மும்பையில் தோன்றிய பள்ளியே இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். 1952ஆம் ஆண்டு மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னை சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். உதகையில் பிறந்த அப்பெண்மணி, தாம் தொண்டு செய்ததோடு நில்லாமல், பிறர் அதனை முறையாகக் கற்கவும் வழிவகுத்தார்.

எப்பாடத்தில் பட்டம் பெற்றவரும் சமூகப்பணி முதுநிலைப் படிப்பில் சேரலாம். அது இரண்டாண்டுப் படிப்பு. வகுப்பறையோடு களப்பணியும் உண்டு. மாணவர் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப்பகுதி ஆகியவற்றுக்குச் சென்று, கண்டதை அறிக்கையாக எழுதுவர். பிறர் நம்பிக் கூறியதை வெளியிடாமல் காப்பது அவர்தம் கடமை.

பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் மனநலச் சமூகப்பணிக்கெனத் தனித்துறை உள்ளது. தமிழ்நாட்டிலிருந்தும் நோயாளர் அங்கு வருகின்றனர். ஊரும் மொழியும் புதிதாகத் தவிக்கும் தாய்க்கு, “என்ன நேர்ந்தது, அம்மா?” என்னும் தமிழ்க்குரல் பாதி மருந்தாகும். காக்ஸ் டவுனின் இருமொழிச் சிறார் நாளை அக்குரலாக விளங்கலாம்.

பொருள் அறிக
களப்பணி – மக்கள் வாழும் இடத்திற்கே சென்று செய்யும் பணி
வழிவகுத்தல் – ஏற்பாடு செய்தல்

விடை எழுதுக
1. சென்னை சமூகப்பணிப் பள்ளியை நிறுவியவர் யார்? எந்த ஆண்டு?
2. சிறுவனுக்குப் புத்தகம் மட்டும் ஏன் போதவில்லை?
3. இரு மொழி அறிந்த ஒருவர் உம் தெருவில் யாருக்கு உதவ இயலும்? ஐந்து வரிகளில் எழுதுக.