மறுவும் குடலும்

தோலுக்கு நிறந் தரும் மெலனின் என்னும் பொருளை ஆக்குங் கலங்களில் எழும் புற்றே மெலனோமா. 1804ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் இதனைத் தனியொரு நோயாக எடுத்துரைத்தவர் லெயினெக் என்னும் வைத்தியர். மார்பொலி கேட்கும் குழாயைப் பின்னர் ஆக்கியவரும் அவரே. வெண்ணிறத்தவரிடம் மிகுந்து காணப்படும் இந்நோய் எம்மனோரிடம் அரிது. வருமிடத்து உள்ளங்காலிலோ நகத்தின் கீழோ வருவதே பெரும்பான்மை; முள் தைத்த வடுவென்று அதனைப் புறக்கணித்து விடுதலும் எளிது.

தோலளவில் நிற்கும்போது வெட்டியகற்றினால் பெரும்பாலோர் பிழைப்பர். ஆழ்ந்து வேரூன்றியபின் அது நிணநீர் வழியாகவும் குருதி வழியாகவும் பரவும். அவ்வாறு பரவுங்கால் சிறுகுடலை அது நாடுவது வியப்புக்குரியது. சிறுகுடற் சுவர் சுரக்கும் ஓர் இரசாயனப் பொருளை இனங்காணும் ஏற்பிகள் சில மெலனோமாக் கலங்களில் உள என்பதும், அவை அவ்விடத்திலே தங்குதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பதும் ஆராய்ச்சியாளர் கருத்து.

இந்நோயால் இறந்தோரின் உடல்களை அறுத்து ஆராய்ந்தவிடத்து, பாதிக்கு மேற்பட்டோரிடம் உணவுக்கால்வாயிலே இப்புற்று இருந்தமை சில ஆய்வுகளிற் கண்டறியப்பட்டது. உயிரோடிருக்கையில் அது கண்டுபிடிக்கப்படுவதோ நூற்றுக்கு ஐவரிலுங் குறைவானோரிடத்தே. இவ்வேறுபாடு ஏன்? குறிகள் பொதுவானவை: களைப்பு, மெலிவு, இடையிடையே வயிற்றுவலி. குருதி சிறிது சிறிதாகக் கசிவதாற் சோகை உண்டாகும். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படும். காரணம் மறைந்தே கிடக்கும். கட்டி பெருத்துக் குடல் அடைபட்ட பின்னரோ, குடலின் ஒரு பகுதி மற்றதனுட் செருகிக்கொண்ட பின்னரோதான் சிலரிடத்தில் உண்மை வெளிப்படும். வாய்வழி செலுத்தும் சாதாரண அகநோக்கி சிறுகுடலின் தொடக்கத்தோடு நின்றுவிடும்; குதவழி செல்வது அதன் முடிவை மட்டுமே எட்டும். நடுவேயுள்ள நெடுந்தூரத்தைக் காண்பதற்கு, 2001இல் வழக்கிற்கு வந்த, விழுங்கத்தக்க சிறு ஒளிப்படக் குளிகை உதவுகின்றது.

எனினும் கருவிக்கு முன்னர் வேண்டுவது ஒரு வினா: "முன்னர் எப்போதாவது மறு ஏதும் வெட்டியதுண்டா?" பத்தாண்டுகளுக்கு முன் நீக்கிய மறுவையும் இன்றைய வயிற்றுவலியையும் நோயாளி தாமாகத் தொடர்புபடுத்தார். தோலிலிருந்த புற்று தானே மறைந்துபோதலும் உண்டு. குடலிற் காண்பது கருநிறமின்றி இருத்தலும் உண்டு. வைத்தியம் பயிலப்போகும் மாணவர் இதனை மனத்திற் பதித்தல் வேண்டும்.

அடைப்பையும் குருதிக்கசிவையும் நீக்கச் சத்திரசிகிச்சை இன்றும் பயன்படுகின்றது. 2011 முதல், உடலின் காப்புச் சத்தியைத் தடையகற்றி ஏவும் மருந்துகள் வந்து பலரின் ஆயுளை நீட்டியுள்ளன. அவற்றுக்கு அடிகோலிய அலிசன், ஹொன்ஜோ என்னும் இருவரும் 2018இல் நோபெல் பரிசு பெற்றனர். இம்மருந்துகளே சிலரிடத்துப் பெருங்குடல் அழற்சியை உண்டாக்குதலால், சிகிச்சை பெறுபவருக்கு வயிற்றோட்டம் ஏற்படின் அது புற்றினாலோ மருந்தினாலோ என்பதை வைத்தியர் முதலில் ஆராய வேண்டியவராகின்றார்.