மைதாவும் அலாக்சானும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மைதா மாவை வெளுப்பதற்கு அலாக்சான் என்னும் வேதிப்பொருளைக் கலக்கிறார்கள் என்றும், ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைக்க அதே பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றும், ஆகவே பரோட்டா தின்பவருக்குச் சர்க்கரை நோய் உறுதி என்றும் ஒரு செய்தி தமிழ் பேசும் வீடுகளில் பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. வாட்சப் குழுக்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் புதிதாகப் பிறக்கும் இந்தச் செய்தியை, பள்ளி விழா மேடைகளிலும் நலவாழ்வு முகாம்களிலும்கூடச் சரிபாராமல் ஒப்பிக்கிறார்கள். அதன் நடுப்பகுதி மட்டும் உண்மை. முதற்பகுதியும் முடிவும் பொய். பாதி உண்மை கலந்திருப்பதால்தான், முழுப் பொய்யைக் காட்டிலும் இது ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

பரோட்டாக் கடையும் பேக்கரியும் தெருவுக்குத் தெரு இருக்கும் புதுச்சேரி நகரத்தில் இந்த வதந்தியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ‘இந்தியாப்’ ஆய்வின் முடிவுகள் 2023 ஜூனில் வெளியாயின. நாட்டின் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், கோவா 26.4 விழுக்காட்டுடன் முதலிடத்திலும், புதுச்சேரி ஒன்றியப் பகுதி 26.3 விழுக்காட்டுடன் அதற்கு அடுத்த இடத்திலும் நிற்பதாகவும் அந்த ஆய்வு காட்டியது. நான்கு பேரில் ஒருவருக்கு நோய் இருக்கும் ஓரிடத்தில், அந்த நோயின் காரணத்தைப் பற்றிய தவறான தகவலைப் பரப்புவது பொறுப்பற்ற செயல். பரப்புபவரின் நல்ல நோக்கம் அதனால் விளையும் தீங்கைக் குறைத்துவிடாது.

நம்பிக்கை: மைதாவில் கலக்கும் அலாக்சான் கணையத்தை அழித்துச் சர்க்கரை நோயை உண்டாக்குகிறது.

உண்மை: மாவை வெளுக்க ஆலைகள் அலாக்சானைக் கலப்பதில்லை. கோதுமை மணியின் தவிட்டையும் முளையையும் நீக்கி, நடுவிலுள்ள மாவுப்பகுதியை மட்டும் அரைத்துச் சலித்து எடுப்பதே மைதா. அதன் வெண்மையின் பெரும்பகுதி இந்த நீக்கத்தினால் வருவது. எஞ்சியிருக்கும் மெல்லிய மஞ்சள் நிறம் கரோட்டினாய்டுகள் என்னும் இயற்கை நிறமிகளினால் ஏற்படுகிறது. மாவைச் சில வாரங்கள் இருப்பு வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு அந்நிறம் தானே மங்கும். அவ்வளவு நாள் காத்திராமல் விரைவாக வெளுக்க விரும்பும் ஆலைகள் பென்சாயில் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றப் பொருள்களைப் பயன்படுத்துகின்றன. இவற்றை அமெரிக்கா போன்ற நாடுகள் அனுமதிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியமும், 2011 முதல் சீனாவும் அனுமதிப்பதில்லை. தேவையற்ற ஒரு சேர்க்கைப் பொருளைத் தவிர்ப்பது சரியா என்று விவாதிக்க இடமுண்டு. ஆனால் அந்த விவாதத்தில் அலாக்சானுக்கு வேலையில்லை.

மாவை வெளுக்கும்போது அலாக்சான் மிகச் சிறு அளவில் தானே உருவாகக்கூடும் என்று வதந்தியின் ஆதரவாளர்கள் அடுத்த அரணுக்குப் பின்வாங்குவார்கள். அந்த அரணும் நிற்காது. அலாக்சானுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்கும் திறன் உண்டு என்பதை 1943இல் கிளாஸ்கோ நகரத்து ஆய்வாளர்கள் முயல்களில் கண்டறிந்தார்கள். அதன் பிறகு அது ஆய்வுக்கூடத்தின் வழக்கமான கருவியாயிற்று. ஆனால் அந்த ஆய்வுகளில் அலாக்சானை உணவில் கலந்து கொடுத்துப் பல ஆண்டுகள் காத்திருப்பதில்லை. எலியின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் சுமார் 150 மில்லிகிராம் என்ற பெரிய அளவை ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். அறுபது கிலோ எடையுள்ள மனிதருக்கு இந்தக் கணக்கைப் பொருத்தினால் ஒரே வேளையில் ஒன்பது கிராம் ஊசிமூலம் ஏற்ற வேண்டியிருக்கும். ஊசி வழியே கொடுப்பதற்குக் காரணமும் உண்டு: உடல் வெப்பநிலையிலும் இரத்தத்தின் காரத்தன்மையிலும் அலாக்சானின் அரை ஆயுள், அதாவது பாதியளவு சிதைந்துபோக ஆகும் நேரம், ஏறத்தாழ ஒன்றரை நிமிடம்தான். தண்ணீர் விட்டுப் பிசைந்து, மணிக்கணக்கில் ஊறவைத்து, கொதிக்கும் கல்லில் சுட்டெடுக்கும் பரோட்டாவில் இத்தகைய பொருள் பிழைத்திருந்து, இரைப்பையையும் குடலையும் கடந்து கணையத்தைச் சென்றடைந்து அதை அழிக்கும் என்று சொல்பவர், வேதியியலின் அடிப்படையையே மறுக்கிறார்.

உயிரியலும் இந்த வதந்திக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. குளுக்கோசை உள்ளே அழைத்துச்செல்லும் குளுட்-2 என்னும் புரதத்தின் வழியாகவே அலாக்சான் கணையத்தின் பீட்டா செல்களுக்குள், அதாவது இன்சுலினைச் சுரக்கும் செல்களுக்குள், நுழைகிறது. எலியின் பீட்டா செல்களில் இந்தப் புரதம் மிகுதி; மனிதரின் பீட்டா செல்களில் குறைவு; ஆகவே அலாக்சான் எலிக்குச் செய்யும் கேட்டை மனிதச் செல்களுக்கு அதே வகையில் செய்வதில்லை. மேலும், பீட்டா செல்கள் அழிந்தால் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும். அது முதல் வகைச் சர்க்கரை நோயை ஒத்தது. புதுச்சேரியின் மருத்துவமனைகளை நிறைத்திருப்பதோ இரண்டாம் வகை: இன்சுலின் சுரந்தும் தசையும் கல்லீரலும் அதற்குச் சரிவர இணங்காத நிலையில் தொடங்கி, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, உடலுழைப்பின்மை, பரம்பரை ஆகியவற்றோடு பிணைந்து, பல ஆண்டுகளில் மெல்ல முற்றும் நோய் அது. வதந்தி சொல்லும் காரணமும் மக்களுக்கு உண்மையில் வரும் நோயும் ஒன்றோடொன்று பொருந்தவேயில்லை.

இந்த வதந்தி விளைவிக்கும் பெரிய தீங்கு, குற்றவாளியைத் தவறாக அடையாளம் காட்டுவதுதான். பரோட்டாவை விலக்கிவிட்டோம் என்ற நிம்மதியில் மூன்று வேளையும் தட்டு நிறைய வெள்ளைச் சோறும், இட்லி தோசையும், சர்க்கரை கூடிய காபி தேநீரும் தொடர்கின்றன. காய்கறியும் பருப்பும் தட்டின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கின்றன. அதே இந்தியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானபோது, இந்தியர்கள் தம் கலோரியில் சுமார் 62 விழுக்காட்டைக் கார்போஹைட்ரேட்டிலிருந்து, அதுவும் பெரும்பாலும் தீட்டிய தானியத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும், பெறுகிறார்கள் என்று தெரிந்தது. மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ உண்பதால் மட்டும் சர்க்கரை நோயின் அபாயம் குறையவில்லை என்பதும், கார்போஹைட்ரேட்டிலிருந்து 5 விழுக்காடு கலோரியைப் பருப்பு முதலிய தாவரப் புரதத்துக்கோ பால்பொருள் புரதத்துக்கோ மாற்றுவது குறைந்த அபாயத்தோடு தொடர்புடையது என்பதும் அதன் முக்கிய முடிவுகள். நோயைத் தடுக்கும் இந்த எளிய அறிவு பரவ வேண்டிய இடத்தை ஒரு பொய் அடைத்துக்கொண்டிருக்கிறது.

இதனால் மைதா நல்லுணவு ஆகிவிடாது. முழுக் கோதுமை மாவில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார்ச்சத்து இருக்க, மைதாவில் 3 கிராமுக்கும் குறைவாகவே உள்ளது. நார்ச்சத்து குறைந்த மாவு விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றுகிறது. பரோட்டாவில் அதனோடு எண்ணெயும், பப்ஸிலும் கேக்கிலும் வனஸ்பதியும் சர்க்கரையும் சேர்கின்றன. மைதாவைக் குறைப்பதற்கு இவையே போதுமான காரணங்கள். உண்மையான காரணங்கள் கைவசம் இருக்கும்போது பொய்யான ஒன்றைத் தேடிப்பிடிப்பவர், அந்தப் பொய் அம்பலமாகும் நாளில் உண்மையான எச்சரிக்கையையும் மக்கள் நம்பாமற்போகச் செய்கிறார்.

உணவில் நஞ்சு கலந்திருக்கிறதா என்ற கேள்விக்கு விடை காணும் முறையைப் புதுச்சேரியே கண்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் இங்கு விற்ற பஞ்சு மிட்டாயைச் சோதித்தபோது ரோடமின்-பி கலந்திருந்தது தெரியவந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் நிறமேற்றும் இளஞ்சிவப்புச் சாயமான அதை உணவில் சேர்ப்பதற்கு இந்தியாவில் அனுமதியில்லை. அன்றைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடையை அறிவித்தார். அதே மாதம் 17ஆம் தேதி தமிழ்நாடும் தடை விதித்தது. மார்ச் மாதத்தில் கர்நாடகம் நிறமேற்றிய பஞ்சு மிட்டாயையும், கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறத்தையும் தடைசெய்தது. ரொட்டியின் வரலாறும் இத்தகையதே. 2016 மே மாதத்தில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி, பன் வகைகளைச் சோதித்து, அவற்றில் 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட்டோ பொட்டாசியம் அயோடேட்டோ இருப்பதாக அறிவித்தது. ரொட்டி நன்றாக உப்புவதற்காகச் சேர்க்கும் புரோமேட்டைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1999இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் வைத்திருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016 ஜூனில் அதைத் தடைசெய்தது. மாதிரி எடுத்தல், ஆய்வகச் சோதனை, வெளியிட்ட முடிவு, அரசாணை என்ற வரிசையில் இந்த இரண்டு குற்றச்சாட்டுகளும் மெய்யாயின. அலாக்சான் குற்றச்சாட்டோ முன்னனுப்பிய குறுஞ்செய்தியைத் தவிர வேறு சான்று எதையும் காட்டியதில்லை.

எஞ்சிய நம்பிக்கைகளுக்கு இத்தனை நீண்ட விளக்கம் தேவையில்லை.

நம்பிக்கை: சுவரொட்டி ஒட்டும் மைதாப் பசை குடலிலும் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

உண்மை: பசை மாவுச்சத்தால் ஆனது; வாயிலும் சிறுகுடலிலும் செயல்படும் அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடுகிறது. மைதா குடலில் தங்குவதில்லை. மிக விரைவாகச் செரித்துவிடுவதே அதன் குறை.

நம்பிக்கை: வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரை நோயாளிக்குப் பாதுகாப்பானவை.

உண்மை: இரண்டின் பெரும்பகுதியும் சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே பொருள்தான். அவற்றிலுள்ள சிறிதளவு தாது உப்புகள் இரத்தச் சர்க்கரை ஏறுவதைத் தடுப்பதில்லை.

நம்பிக்கை: பழுப்பு நிற ரொட்டி முழுக் கோதுமையில் செய்தது.

உண்மை: கேரமல் நிறம் சேர்த்தால் மைதா ரொட்டியும் பழுப்பாகும். நிறத்தைப் பார்க்காமல், பொருள் பட்டியலில் முதலில் வருவது எந்த மாவு, அது எத்தனை விழுக்காடு என்று பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: அஜினோமோட்டோ மூளையை அரிக்கும்.

உண்மை: அதிலுள்ள குளுட்டமேட், தக்காளியிலும் பாலாடைக்கட்டியிலும் தாய்ப்பாலிலும் உள்ள பொருளே. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா 1908இல் கடற்பாசியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். உணவில் சேர்க்கும் சிறு அளவு மூளையை அழிப்பதற்குச் சான்றில்லை. துரித உணவில் அஞ்ச வேண்டியவை உப்பும் எண்ணெயும் உண்ணும் அளவும்.

நம்பிக்கை: பதப்படுத்திய உணவெல்லாம் கேடு.

உண்மை: மாவரைப்பதும், இட்லி மாவைப் புளிக்கவைப்பதும், பாலைக் காய்ச்சுவதும், உப்பில் அயோடின் சேர்ப்பதும் பதப்படுத்தல்தான். பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மாண்டேரோ 2009இல் முன்வைத்த ‘நோவா’ வகைப்பாடு, பதப்படுத்தலின் அளவையும் நோக்கத்தையும் கொண்டு உணவுகளை நான்காகப் பிரிக்கிறது. வீட்டுச் சமையலறையில் இல்லாத நிறமி, மணமூட்டி, குழைமமாக்கி முதலியவற்றைக் கொண்டு ஆலையில் உருவாக்கும் மிகைப்பதப்படுத்திய உணவுகளே நான்காம் பிரிவு; குளிர்பானம், பொட்டல நொறுக்குத்தீனி, கிரீம் பிஸ்கட், உடனடி நூடுல்ஸ் ஆகியவை அதில் அடங்கும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட சோதனையில், 20 பேர் இரண்டு வாரம் இத்தகைய உணவையும் இரண்டு வாரம் எளிய உணவையும் விரும்பிய அளவு உண்டார்கள். பரிமாறிய இரண்டு உணவிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை சம அளவில் இருந்தபோதிலும், மிகைப்பதப்படுத்திய உணவை உண்ட நாள்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, சராசரியாக 0.9 கிலோ எடை கூடினார்கள். கவனிக்க வேண்டிய ஆபத்து இதுவே. இதற்கு மர்ம நஞ்சு எதுவும் தேவைப்படவில்லை.

இவ்வளவு தகவலும் வாங்குபவரைச் சென்றடைய வேண்டிய இடம் உணவுப் பொட்டலத்தின் முன்பக்கம். 2020ஆம் ஆண்டின் உணவுச் சீட்டு விதிமுறைகளின்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் விருப்பத்துக்கு உட்பட்டது. ஆகவே புதுச்சேரியின் நெல்லித்தோப்பிலோ முத்தியால்பேட்டையிலோ பேரக்குழந்தைக்கு பிஸ்கட் வாங்கும் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கு அதன் சர்க்கரை அளவு தெரியாது. வாட்சப்பில் தமிழில் வரும் பொய் மட்டும் தெளிவாகப் புரியும். சிலி நாடு 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுப் பொட்டலங்களின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியாவில் உணவின் தரத்தைப் பொட்டலத்தில் நட்சத்திரங்களால் காட்டும் மதிப்பீட்டு வரைவு 2022இல் வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முன்பக்கச் சீட்டு குறித்து முடிவெடுக்க அரசுக்கு மூன்று மாத அவகாசம் அளித்தது. நட்சத்திரம் பொருளைப் புகழும். மக்களுக்கு வேண்டியது எச்சரிக்கை. புதுச்சேரி அரசு தன் எல்லைக்குள் விற்கும் பொட்டல உணவுகளில் ‘சர்க்கரை மிகுதி’, ‘உப்பு மிகுதி’, ‘கொழுப்பு மிகுதி’ என்ற சொற்களைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்றும், மாகேயில் மலையாளத்திலும் ஏனாமில் தெலுங்கிலும் அவை இருக்க வேண்டும் என்றும் ஒன்றிய அரசை வற்புறுத்த வேண்டும். சீட்டே இல்லாமல் விற்கும் பேக்கரிப் பண்டங்களுக்கு அருகில் அவ்விவரத்தை எழுதிவைக்கும்படி கடைகளுக்கு அறிவுறுத்தவும் வேண்டும். நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ள இந்தப் பகுதியில், படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மூன்று தமிழ்ச் சொற்கள் ஆயிரம் முன்னனுப்பல்களைவிட அதிகம் பயன்படும்.