நம்பிய பொதியையும் சோதிப்போம்

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நிவாரண அட்டை ஆகியவற்றின் பிரதிகளைச் சங்கக் கணனியில் வைத்திருப்போர் நம்மில் உண்டு. இடம்பெயர்ந்தவர்களுக்கு மூலப்பிரதி தொலைந்தால், எஞ்சுவது இதுவே. ஆகவே கணனியைக் காப்பதும் நம் காணியைக் காப்பது போன்றதே.

கணனியின் காவல் மென்பொருள் அறியாத நிரல்களைத் தடுக்கும். ஆனால் அதில் 'நம்பிக்கைப் பட்டியல்' ஒன்றும் உண்டு. அதில் ஒரு நிறுவற்பொதியைச் சேர்த்தால், அப்பொதி கொண்டுவரும் கோப்புகளும் பெரும்பாலும் கேள்வியின்றி உள்ளே வரும். களஞ்சியத் திறப்பைக் கொடுப்பதற்கு இது ஒப்பாகும்.

2017 ஆகஸ்டில் வெளியான 'சிசிகிளீனர்' 5.33 பதிப்பில் தயாரிப்பாளரின் உண்மையான மின்கையொப்பமே இருந்தது. எனினும் வெளியாகுமுன்பே யாரோ அதனுள் நச்சுநிரலைப் புகுத்தியிருந்தனர். செப்டெம்பரில் இது வெளிப்பட்டபோது, ஏறத்தாழ 22 இலட்சத்து 70 ஆயிரம் பேரின் கணனிகளை அது அடைந்திருந்தது. விதைநெல் மூட்டையின் சிட்டை சரி. களைவிதையோ களஞ்சியத்திலேயே கலந்துவிட்டது. கையொப்பம் அனுப்பியவரைக் காட்டும், உள்ளிருப்பதைக் காட்டாது.

எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. தேவையான பொதியை மட்டும் பட்டியலில் சேர்ப்போம். தயாரிப்பாளரின் எல்லாப் பொதிகளுக்கும் ஒருங்கே அனுமதி கொடாதிருப்போம்.

2. பொதியைத் தயாரிப்பாளரிடமிருந்தே நேரே பெறுவோம்.

3. பட்டியலில் இருந்தாலும் நச்சுநிரற் சோதனையை நிறுத்தாதிருப்போம்.

4. வேலை முடிந்ததும் பொதியைப் பட்டியலிலிருந்து நீக்குவோம்.

5. ஆவணப் பிரதிகளைக் கணனியோடு இணைக்காத வேறொரு தட்டிலும் வைப்போம்.

இப்பொறுப்பை ஒருவரிடம் மட்டும் விடாது, போகத்துக்கு ஒருமுறையேனும் இருவர் சேர்ந்து பட்டியலை வாசிப்போம். ஏன் சேர்த்தோம் என்று சொல்ல முடியாத பொதியை அன்றே நீக்குவோம்.