வாய் பேசுவதற்கு முன் கால் நடக்கட்டும்

சிறுமலை அடிவாரத்து ஊர்களில் மனம் ஒடிந்தவர்களோடு வேலை செய்யக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் சந்திக்கப் போகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. தோட்டனூத்து மறுவாழ்வு முகாமில் போரில் உறவுகளைப் பறிகொடுத்துக் கடல் தாண்டி வந்த இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். 2022இல் அங்கே 321 புது வீடுகள் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் வீடு மாறியதும் தூக்கம் தானாக வந்துவிடாது. நூற்பு மில் விடுதிகளில் வருடக்கணக்கில் அடைபட்டுத் திரும்பிய பெண்பிள்ளைகள், கட்டியவனிடம் அடிபட்டவர்கள், சாதியின் பேரால் அவமானப்பட்டவர்கள் என்று இன்னும் பலர். நடையும் ஆட்டமும் மூச்சும் இவர்களுக்கு உதவும் என்பதை இத்தனை வருடங்களில் கண்ணால் பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

1. கதை கேட்காதீர்கள். "என்ன நடந்துச்சு, சொல்லுங்கக்கா" என்று தொடங்குவதுதான் புதியவர்களின் வழக்கம். வேண்டாம். சுனாமிக்கு எட்டு மாதம் கழித்து நாகப்பட்டினம் முகாம்களில் 183 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு 8 மணி நேர மூச்சுப் பயிற்சி மட்டும். இன்னொரு பகுதியினருக்கு அதோடு நடந்ததைத் திரும்பச் சொல்ல வைக்கும் சிகிச்சையும். மூன்றாம் பகுதியினர் ஆறு வாரம் காத்திருந்தார்கள். 2010இல் வெளியான முடிவில், பயிற்சி பெற்ற இரு பகுதியினரின் துயரமும் காத்திருந்தவர்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. கதையைச் சொல்ல வைத்ததால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. அவர்களாகச் சொல்ல வந்தால் காது கொடுங்கள். நீங்களாகக் கிளறாதீர்கள்.

2. உடம்பைப் படியுங்கள். ஆபத்து வந்தால் உடம்பு எதிர்க்கப் பார்க்கும், இல்லையென்றால் ஓடப் பார்க்கும். இரண்டுக்கும் வழியில்லாதபோது உறைந்துவிடும். அப்படி உறைந்து நின்றவருக்கு, ஆபத்து போய்ப் பல வருடம் ஆனாலும் உடம்பு அதை நம்பாது. தோள் காதுப் பக்கம் ஏறியே இருக்கும். தாடை இறுகியிருக்கும். மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்காது. தீபாவளி வெடிக்கு ஊரே சிரிக்கும்போது இவர் மட்டும் கட்டில் அடியில் இருப்பார். "அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்று வாயால் சொல்லி உடம்பை நம்பவைக்க முடியாது. கை, கால், மூச்சு வழியாகத்தான் அதற்குப் புரியவைக்க வேண்டும். மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரத்தை நீளமாக்கினால் இதயத் துடிப்பு தணியும். இதை முதலில் உங்கள் உடம்பிலேயே செய்து பாருங்கள்.

3. தொடாதீர்கள். முதுகை நிமிர்த்தவும், கையைச் சரிசெய்யவும்கூட. பின்னால் போய் நிற்கவும் கூடாது.

4. கண்ணை மூடு, மல்லாந்து படு, அறைக் கதவைச் சாத்து: யோகா வகுப்பில் சாதாரணமான இந்த மூன்றும் இங்கே கூடாது. மற்றவர்க்கு ஓய்வு தரும் சவாசனம், படுத்த நிலையில் அடிபட்டவருக்குப் பழைய இரவைத் திரும்பக் கொண்டுவரும். கண்ணைத் திறந்தபடி, சுவரில் சாய்ந்து, வாசல் தெரிய உட்காரட்டும். கபாலபாதி போன்ற வேகமான மூச்சும் வேண்டாம். படபடப்பும் தலைசுற்றலும் கூடி, பயம்தான் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

5. நடையில் தொடங்குங்கள். செலவில்லை, தனி உடை வேண்டாம், யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். அடிவாரத்தில் தட்டையான மண்பாதை போதும். எதிரெதிரே உட்காரும்போது வராத பேச்சு, பக்கத்தில் நடக்கும்போது வரும். பார்வை தூரத்து மலைமேல் படட்டும், தரையையே பார்த்து நடந்து பழகியவருக்கு அதுவே ஒரு பயிற்சி.

மலைக்குக் கூட்டிப் போக அவசரப்படாதீர்கள். 18 கொண்டை ஊசி வளைவில் வேன் திரும்பத் திரும்ப வயிறு புரளும். நெஞ்சு அடைக்கும். பயத்தின் அடையாளங்களும் அவையேதான். உடம்பு தெளிந்த பிறகு போகலாம். மலைமேல் புதூர்ப் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே நடங்கள், சுமை ஏற்றிய குதிரை வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள், காட்டுமாடு நடமாடும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அங்கிருந்து வெள்ளிமலை உச்சிக்கு ஏறும்போது பாதி வழியில் ஒருவர் "போதும்" என்றால் எல்லோரும் நில்லுங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று ஊக்கப்படுத்தாதீர்கள். "போதும்" என்ற சொல்லை யாரும் மதிக்காத ஒரு நாள் அவர் வாழ்க்கையில் இருந்திருக்கிறது. இன்று அதைச் சொன்னதும் ஒரு கூட்டமே நிற்கிறது. உச்சியில் உள்ள சாமியைப் பார்ப்பதைவிட எனக்கு இதுதான் பெரிது.

6. பழகிய ஆட்டத்தைக் கையில் எடுங்கள். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தியானம், மூச்சு, உடல் தளர்வு என்று சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பழக்கங்களையே சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். நம் ஊரில் முளைப்பாரிக் கும்மி தெரியாத பெண் யார்? கும்மி வட்டத்துக்கு முன்வரிசை கிடையாது. ஒரு கால் முன்னே, குனிந்து கைதட்டு, நிமிர்ந்து பின்னே. மூச்சு வாங்கினால் விலகிப் பிறகு சேர்ந்துகொள்ளலாம். தாலி இழந்தவள் என்று ஓரம் கட்டப்பட்டவர்களை முதலில் கூப்பிடுங்கள். வாரக்கணக்கில் திண்ணையை விட்டு எழாத ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். பாட்டுக்கு அவர் கால் கட்டைவிரல் மட்டும் தரையில் தட்டும். அதையும் வருகையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டோம். எழுந்து வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. ஒரு நாள் அவராக எழுந்தார்.

7. பறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவின் பிள்ளைகள் ஆடுவதை ஒருமுறை நேரில் பாருங்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் அவர்களைப் பற்றிப் படமே எடுத்திருக்கிறார். தலித் குடும்பங்களில் பிறந்த இளம் பெண்கள், சாவு வீட்டு வேலை என்று இழிவாகச் சொல்லி ஆண்கள்மேல் சுமத்தப்பட்ட கருவியைத் தாங்களாக விரும்பி எடுத்துத் தோளில் மாட்டுகிறார்கள். ஆடுவதற்கு முன் வைக்கோல் தீயில் பறையைக் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். விரலால் தட்டிப் பார்த்து, மந்தமாக இருந்தால் மறுபடி காட்டுவார்கள். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய நீளமான சுண்டுக்குச்சி. முழங்கால் தளர்ந்து, பாதம் தரையை அழுத்த, தலை நிமிர்ந்து எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்து ஆட வேண்டும். குனிந்தே இருக்கப் பழக்கப்பட்ட ஓர் உடம்பு அப்படி நிமிர்வதைப் பார்க்கும்போது, எந்தப் புத்தகமும் சொல்லாத ஒன்று உங்களுக்குப் புரியும்.

ஆனால் இதை யாருக்கும் திணிக்காதீர்கள். அந்தத் தோலின் பேரால்தான் தன் அப்பாவை ஊர் வசைபாடியது என்று நினைக்கும் பிள்ளை அதைத் தொடக் கூசும். கூசட்டும், காத்திருங்கள். போரைப் பார்த்தவர்கள் கூட்டத்தில் இருந்தால், முதல் அடி விழப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி, அவர்களைத் தள்ளி உட்கார வையுங்கள்.

8. ஆணையிடாதீர்கள். "கையைத் தூக்கு" என்பதற்குப் பதில் "தூக்கிப் பார்க்கணும்னா தூக்கலாம், வேண்டாம்னா அப்படியே இருங்க" என்று சொல்லிப் பழகுங்கள். அமெரிக்காவில் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர், மன அதிர்ச்சி நோய்க்கு நெடுநாள் சிகிச்சை பெற்றும் குணமாகாத 64 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இப்படித் தேர்வை அவர்களிடமே விடும் யோகா, பத்து வாரம், வாரம் ஒரு மணி நேரம். 2014இல் வெளியான முடிவில் யோகா குழுவில் பாதிப் பேருக்கு மேல் நோய்க்கான வரையறையைத் தாண்டி வெளியே வந்திருந்தார்கள். சுகாதாரப் பாடம் மட்டும் கேட்ட குழுவில் ஐந்தில் ஒருவர்தான். மற்றப் பாதிக்கு யோகா மட்டும் போதவில்லை என்பதையும் அதே கணக்கில் படித்துக்கொள்ளுங்கள்.

9. ஆகவே மருத்துவரிடம் அனுப்பத் தயங்காதீர்கள். சாகலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு நடையும் கும்மியும் கிடையாது. தனியாக விடாமல் கூடவே இருந்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாத்திரை சாப்பிடுகிறவரிடம் "நடந்தாலே சரியாயிரும், நிறுத்திருங்க" என்று சொல்வது குற்றம் என்றே நினைக்கிறேன். நெஞ்சுவலி, முட்டிவலி, கர்ப்பம், இரத்த அழுத்தம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் அதிகம். ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் கையில் இருக்கட்டும்.

10. ஒருவர் இரண்டு வாரம் வராமல் போனால் வீட்டுக்குப் போய் "ஏன் வரல?" என்று கேட்காதீர்கள். வழியில் பார்த்தால் "செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு அதே இடத்துலதான் இருப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். சொன்னபடி செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு, மழையானாலும், ஒரே ஒரு ஆள் வந்தாலும், அங்கே இருங்கள்.