வீட்டில் தீப்பிடிக்காமல் இருக்க, பிடித்தால் தப்பிக்க

1. கேஸ் வாடை அடித்தால் கை சுவிட்ச் பக்கம் போகவே கூடாது. லைட்டைப் போடவும் வேண்டாம், எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனையும் தொடாதீர்கள். சுவிட்சுக்குள் தெறிக்கும் சின்னப் பொறியே போதும், அறை முழுக்கப் பற்றிக்கொள்ள. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிப் பக்கத்து அறை வரை போகும். அதனால் சாமி விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது. அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் செய்யுங்கள்.

2. கேஸ் டியூப்பை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்குள் வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சோப்பு நுரை தடவினால் போதும், குமிழி வந்து காட்டிக்கொடுக்கும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

3. சிலிண்டர் வந்ததும் கழுத்துப் பட்டையில் உள்ள எழுத்தைப் பாருங்கள். 'பி 27' என்பதுபோல ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன். இப்படியே டி வரை. எண், ஆண்டைக் குறிக்கும். அதற்குள் சிலிண்டரை மறுபடி சோதித்தாக வேண்டும். அந்தக் கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.

4. வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றிய தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகும். எரிகிற எண்ணெயைக் கூரை வரை வீசியடிக்கும். அடுப்பை அணைத்து, பெரிய மூடியையோ தாம்பாளத்தையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடாதீர்கள்.

5. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு இவற்றை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். பழைய வீடுகளில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டிவைப்பார்கள். அது காவலாளியைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரிங்கைப் பாருங்கள்.

6. திருடனுக்குப் பயந்து வாசலிலும் மாடிப்படியிலும் கிரில் கதவு போட்டு இரவில் உள்ளே பூட்டுகிறோம். சாவியோ ஹாலில், ஹேண்ட்பேக்கில், அலமாரிக்கு மேலே. புகை சூழ்ந்த இருட்டில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கதவுக்கு அருகே, வெளியிலிருந்து கை எட்டாத ஓர் ஆணியில் சாவியை மாட்டுங்கள். தாத்தா பாட்டி முதல் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வரை எல்லோருக்கும் அந்த இடம் தெரிய வேண்டும். லைட்டை அணைத்துவிட்டு ஒருமுறை திறக்கச் சொல்லிப் பாருங்கள். என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலில் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

7. மின் ஸ்கூட்டரை வாசல் வழியிலோ மாடிப்படிக்கு அடியிலோ இரவு முழுக்க சார்ஜில் போடாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் அப்படி இரவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த வண்டி எரிந்தது. புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள்.

8. கொசுவத்தியைக் கட்டிலுக்கு அடியிலும், குத்துவிளக்கைத் திரைச்சீலை ஓரத்திலும் வைக்காதீர்கள். அடுப்படியில் பருத்தி உடை நல்லது.

9. புகையில் நிமிர்ந்து நடக்காமல் தவழ்ந்து வெளியேறுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கம்பளியோ ஜமுக்காளமோ போர்த்தி அணைக்கலாம். தீக்காயத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். இங்க், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம்.

10. தீயணைப்பு நிலையத்துக்கு 101, பொது அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. சின்னத் தீதானே என்று தயங்காமல் உடனே கூப்பிடுங்கள். அவர்கள் வருவதற்குள் அணைந்துவிட்டால் நல்லதுதான்.