ஃபார்மட் போடுவதற்கு முன்

தமிழக அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அண்ணன் வாங்கியதில் தங்கை படிக்கும் வீடுகள் திருநாவலூர்ப் பக்கம் உண்டு. பவர் பட்டனை அழுத்தியதும் அது லோகோவோடு நின்றாலோ, நீலத்திரை காட்டித் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனாலோ, உளுந்தூர்பேட்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். டிஸ்க் நன்றாக இருந்தும், மின்சேமிப்பு அமைப்பு தடுமாறியதால் மட்டுமே இப்படி நின்றுபோவதுண்டு. பிள்ளையின் பாடக்குறிப்புகளும் வீட்டுப் போட்டோக்களும் அப்படியே உள்ளே இருக்கும்.

செய்ய வேண்டியவை

• நீலத்திரையைச் செல்போனில் படம் எடுங்கள். 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' என்றிருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. வைஃபையோ கிராஃபிக்ஸோ, ஏதோ ஒரு டிரைவர் உறக்கத்துக்குப் போகும்போதோ எழும்போதோ சிக்கிக்கொண்டிருக்கிறது.

• சார்ஜர், பென்டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பேட்டரி கழலும் மாடலானால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள்.

• அப்போதும் வரவில்லையா? விண்டோஸ் 10, 11இல் இரண்டு மூன்று முறை துவக்கம் தோற்றால் ரிப்பேர் திரை தானே வரும். அதில் ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியாக சேஃப் மோடுக்குள் போங்கள். போனதும் முதல் வேலை, முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் எடுப்பது. அடுத்து, கடைசியாகப் புதுப்பித்த டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்புங்கள்.

• ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். விண்டோஸ் 8 முதல் 'ஷட் டவுன்' என்பது முழு ஷட் டவுன் அல்ல. கர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்து ஓட்டுகிறது. எழுதியது பழுதானால் காலையில் துவக்கம் தடுமாறும். பவர் ஆப்ஷன்ஸில், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் அந்த டிக் இருக்கிறது. எடுத்துவிடுங்கள். துவங்கச் சில நொடிகள் கூடும், அவ்வளவுதான்.

• பழைய பேட்டரி 20 சதவீதம் காட்டும்போதே பொசுக்கென்று அணைந்துவிடும். ஹைபர்னேட் ஆவதற்கான எல்லையை அதற்கு மேலே உயர்த்தி வையுங்கள்.

• லினக்ஸ் நின்றால், கிரப் மெனுவில் 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஏசிபிஐ=ஆஃப் என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். துவங்கிவிட்டால் கோளாறு மின்மேலாண்மைப் பக்கம்தான்.

செய்யக்கூடாதவை

• அந்த ஏசிபிஐ=ஆஃபை நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். பேட்டரி அளவு தெரியாது, ஃபேன் கட்டுப்பாடு போகலாம், சில கணினிகளில் ஒரு கோர் மட்டுமே வேலை செய்யும். அது சோதனைக்கு மட்டும்.

• விண்டோஸ் ஹைபர்னேட்டில் இருக்கும்போது அதன் பார்ட்டிஷனை லினக்ஸிலிருந்து வலிந்து திறந்து எழுதாதீர்கள். கோப்புகள் சிதைவது பெரும்பாலும் அங்கேதான்.

• பயாஸில் 'லோட் டீஃபால்ட்ஸ்' கொடுக்குமுன் சாட்டா மோட் என்னவென்று குறிக்காமல் விடாதீர்கள். அது மாறினால் நல்ல விண்டோஸும் துவங்காது. புது லேப்டாப்பானால் பிட்லாக்கர் மீட்புச் சாவி கையில் இல்லாமல் பயாஸைத் தொடவே வேண்டாம்.

• மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு அறிவித்த நாளிலோ, மழைக்காற்றில் கரண்ட் போய்ப்போய் வரும் மாலையிலோ பயாஸ் அப்டேட் போடாதீர்கள். பேட்டரியும் சார்ஜரும் இரண்டும் இருந்தால் மட்டுமே போடலாம். பாதியில் நின்றால் மதர்போர்டே போய்விடும்.