இரண்டு இரவு, ஒரு பகல், ஆறு படம்

அன்புள்ள கண்ணு,

டெல்லிக் கல்லூரியில் சேரத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போகிறாய். வழியில் பார்க்கப் போன் கொள்ளாமல் படங்களை ஏற்றி வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். ஏற்றி வைப்பது வேறு, தொகுப்பது வேறு. எல்லாமே கையில் இருந்தால் எதைப் பார்ப்பது என்று விரலால் தள்ளிக்கொண்டே இருப்போம். அதற்குள் நாக்பூர் வந்துவிடும்.

சங்க அகப்பாடல்களைத் தொகுத்தவர்கள் அடியளவு பார்த்துப் பிரித்தார்கள். 4 முதல் 8 அடி வரை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை. ரயிலில் நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். டீக்காரர் வருவார், டி.டி.இ. வருவார், எதிர் சீட்டுப் பாட்டி பேச்சுக் கொடுப்பார். ஆகவே நீளத்தை வைத்து மூன்று ஃபோல்டர் போடு. ஒவ்வொன்றிலும் இரண்டே படம்.

குட்டிப் படங்களில் முதலில் 'கிளாஸ்'. நெதர்லாந்தின் பெர்ட் ஹான்ஸ்ட்ரா 1958இல் எடுத்தது, ஆஸ்கர் வாங்கியது. ஏறத்தாழ 10 நிமிடம் ஓடும். குழல் பிடித்துக் கண்ணாடி ஊதுகிறவர்களின் கன்னம் உப்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிறகு இயந்திரம் வருகிறது. கழுத்து உடைந்த ஒரே ஒரு பாட்டிலால் அத்தனையும் தாறுமாறாகிறது. இன்னொன்று, சத்யஜித் ரேயின் 'டூ', 1964. மாடி ஜன்னலில் பணக்காரச் சிறுவன், கீழே குடிசைச் சிறுவன், இடையில் ஒரு பட்டம். இரண்டிலுமே வசனம் கிடையாது. சக்கர இரைச்சலில் பேச்சுக் காதில் விழவில்லையே என்ற தொல்லை இல்லை.

அரை மணி அளவுக்கு, பாலசரஸ்வதியைப் பற்றி ரே 1976இல் எடுத்த 'பாலா'. கடற்கரைக் காற்றில் புடவை படபடக்க அவர் ஆடும் காட்சியை நம் பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அதோடு, முதுமலையில் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த யானைக்குட்டியின் கதை, 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்'.

நீளமானவற்றில், 1926இல் வந்த பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்'. மௌனப் படம். படம் முழுக்க ரயில்தான். எரியும் பாலத்திலிருந்து நிஜ ரயில் எஞ்சினையே ஆற்றில் விழவைத்து எடுத்தார்கள். கடைசியாக 'நாயக்', 1966. விருது வாங்க டெல்லிக்கு ரயிலில் போகிற ஒரு நட்சத்திர நடிகனின் கதை. உத்தம் குமார் நடித்தது. டெல்லி ரயிலில் உட்கார்ந்து பார்க்க இதைவிட என்ன வேண்டும்?

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வை மட்டும் கொண்டுபோகாதே. பாலைவனத்தின் கோடியில் ஒரு புள்ளியாகத் தோன்றி ஒருவன் ஒட்டகத்தில் நெருங்கி வருவான். போன் திரையில் அந்தப் புள்ளி தெரியவே தெரியாது. பெரிய திரையில் பார்க்கக் கிடைக்கும்வரை காத்திரு.

இனி வேலைக்கு வருவோம். கையளவுத் திரைக்கு 720பி போதும். எச்.265 முறையில் சுருக்கிய கோப்பு, பழைய எச்.264இல் ஏறக்குறைய பாதி இடத்தைத்தான் பிடிக்கும். சப்டைட்டில் கோப்புக்கும் படத்துக்கும் ஒரே பெயர் வைத்தால் வி.எல்.சி. தானே எடுத்துக்கொள்ளும். ஓ.டி.டி. செயலிகளில் இறக்கியவற்றுக்குக் கெடு உண்டு. சில, பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும். அதனால் புறப்படும் முன் ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒவ்வொன்றும் ஓடுகிறதா என்று பார்த்துவிடு. படம் பார்க்கும்போதும் அதே மோடு நல்லது. ஊர்களுக்கு நடுவே சிக்னல் தேடித் தேடியே பேட்டரி இறங்கும். இரவு 11 மணியிலிருந்து காலை 5 வரை சார்ஜ் பாயின்டுகளை ரயில்வே நிறுத்திவைக்கும். பவர் பேங்க்கை நிரப்பி எடுத்துக்கொள். இயர்போன் இல்லாமல் கோச்சில் எதையும் ஓட்டாதே. பக்கத்து பெர்த்தில் தூங்குகிறவருக்கு உன் படத்தின் ஓசை வெறும் இம்சை.

பகலில் இரண்டு இடத்தில் போனை மூடி வைக்கச் சொல்வேன். ராமகுண்டத்துக்கும் மஞ்சிர்யாலுக்கும் இடையில் கோதாவரி வரும். நாக்பூர் தாண்டி இட்டார்சி வரும்வரை சத்புரா மலைக்காடு. அந்த நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கோபம் வரும், சொல்லிவிட்டேன். 'நாயக்'கைப் போபாலுக்குப் பிறகு வை. வெளியே இருட்டிவிட்டிருக்கும்.

எதிர் சீட்டுக் குழந்தை எட்டிப் பார்த்தால் 'கிளாஸ்' போட்டுக் காட்டு. எந்த ஊர்க் குழந்தையாக இருந்தாலும் புரியும்.

இவை என் ஆறு. உனக்குப் பிடிக்காததை எடுத்துவிட்டு உன்னுடையதை வை, ஆனால் ஆறைத் தாண்டாதே. கிளம்புவதற்கு முதல் நாள் பட்டியலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. எதை எடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று ஒரு வரி சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் மாமா